ஐவிஐஜி மருந்தா, பிளாஸ்மா மாற்றமா: கில்லன் பாரே வந்த வீட்டில் ஒரே ராத்திரியில் எடுத்த முடிவு

என் தம்பி ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வையாளன். நாளெல்லாம் சரிவில் ஏறி இறங்கிப் பழகிய கால்கள் அவனுக்கு. ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்தவன், பத்து நாள் கழித்து, உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று போனில் சொன்னான். மறுநாள் சேலத்துக்குக் கிளம்பியபோது பஸ் படியில் காலை எடுத்து வைக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக் கையால் உடம்பை இழுத்து ஏறியிருக்கிறான். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்து பஸ் நின்றபோது, சீட்டை விட்டு எழுப்பவே ஆள் தேவைப்பட்டது.

முதலில் காட்டிய இடத்தில் "நரம்புத் தளர்ச்சி, சத்து ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். இரண்டு நாள் அதில் போயிற்று. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மூன்றாம் நாள் கையும் தளர்ந்து, தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே பணியில் இருந்த மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியால் தட்டினார். கால் துள்ளவில்லை. கணுக்காலில் தட்டினார், முழங்கையில் தட்டினார். எங்கேயும் அசைவில்லை. பிறகு, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடியும் என்று எண்ணச் சொன்னார். 31 வரை வந்து நிறுத்தினான்.

"கில்லன் பாரே மாதிரி இருக்கும்மா. ஜிபிஎஸ்னு சொல்வோம். உடம்போட எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கற நோய். இதுக்கு ரெண்டு வைத்தியம் இருக்கு. எதுன்னு இன்னிக்கு ராத்திரிக்குள்ள முடிவு பண்ணணும்."

ஒன்று ஐவிஐஜி, அதாவது மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதத்தை டிரிப்பில் ஏற்றுவது. இன்னொன்று பிளாஸ்மா மாற்றம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை இயந்திரத்தால் அகற்றி வேறு திரவம் சேர்ப்பது. அதற்கு முன் இந்த இரண்டு பெயரையும் நான் கேட்டதே இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவள் நான். நான் மருத்துவர் இல்லை. அந்த ராத்திரியும் அதற்குப் பின் வந்த மாதங்களிலும் கேட்டு, படித்து, மருத்துவர்களிடம் சரிபார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதே நாற்காலியில் நாளைக்கு உட்காரப் போகிறவர், மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க இது உதவினால் போதும்.

ஜரிகையும் நரம்பும்

இரண்டு வைத்தியத்தையும் எடைபோடுவதற்கு முன்னால் மையலின் என்றால் என்ன என்று தெரிந்தாக வேண்டும். எனக்கு அது ஜரிகையை வைத்துத்தான் விளங்கியது. எங்கள் அம்மா வீடு அம்மாப்பேட்டையில், தறி ஓடுகிற வீடு. வெண்பட்டு வேட்டிக் கரைக்குப் போடும் ஜரிகையை நகத்தால் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுவில் ஒரு பட்டு இழை, அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிச் சுற்றி மூடியிருக்கும். நரம்பிழையும் அப்படித்தான். நடுவில் ஆக்ஸான், அதன்மேல் பல சுற்றாக மையலின். ஜரிகையில் மேலே சுற்றியிருப்பது உலோகம். நரம்பில் சுற்றியிருப்பது பெரும்பாலும் கொழுப்பு. மின்சாரம் வெளியே கசியாமல் காக்கிற உறை அது. மூளைக்குள் வெண்பகுதி வெள்ளையாகத் தெரிவதற்கும் இந்தக் கொழுப்புதான் காரணம்.

கை கால் நரம்புகளில் உறையைச் சுற்றுவது ஸ்வான் செல்கள். ஒரு செல், ஒரே இழையின் ஒரு சிறு துண்டை, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம், தன் உடம்பாலேயே சுற்றிக்கொள்கிறது. அடுத்த துண்டுக்கு அடுத்த செல். இரண்டுக்கும் நடுவே மையலின் இல்லாத நூலிடைவெளி ஒன்று இருக்கும். ரேன்வியர் கணு என்று அதற்குப் பெயர். நரம்புச் செய்தியைப் புதுப்பித்துக் கொடுக்கிற சோடியம் வாயில்கள் அந்தக் கணுவில்தான் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அதனால் செய்தி இழை நெடுக ஊர்வதில்லை, கணுவுக்குக் கணு தாவுகிறது. முதுகிலிருந்து கால் விரல் வரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் தாவினால் 20 மில்லிநொடியில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மையலினே இல்லாத மெல்லிய இழைகளில் வேகம் நொடிக்கு 2 மீட்டர்கூடத் தாண்டாது.

சரி, உறை உரிந்தால் செய்தி மெதுவாகப் போகும், அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். அவ்வளவு இல்லை. உறை இல்லாமலே வளர்ந்த இழைகளுக்கு முழு நீளத்துக்கும் வாயில்கள் உண்டு. உறையோடு வளர்ந்து பிறகு இழந்த இழைக்கு அந்த வசதி கிடையாது. கணுவிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் அடுத்த கணுவை எட்டுவதற்குள் கசிந்து போய்விடுகிறது. செய்தி பாதி வழியில் அணைந்துவிடும். மூளை "நட" என்கிறது, தசையும் நன்றாகவே இருக்கிறது, நடுவில் செய்தி மட்டும் வந்து சேரவில்லை. முழங்காலில் சுத்தி பட்டும் கால் துள்ளாததற்கும் இதுவே காரணம். அந்தத் துள்ளலுக்கு நூற்றுக்கணக்கான இழைகளின் செய்தி ஒரே நேரத்தில் முதுகுத்தண்டைச் சேர வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வந்தால் துள்ளல் வராது.

ஜிபிஎஸ் நோயில் உறையை உரிப்பது நம் உடம்பின் சொந்தக் காவல் படைதான். பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அதற்கு முந்தைய வாரங்களில் வயிற்றுப்போக்கோ சளி காய்ச்சலோ வந்திருக்கும். கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகள், நம் நரம்பின் மேல் இருப்பவற்றைப் போலவே இருக்கின்றன. கிருமிக்கென்று உடம்பு செய்த எதிர்ப்புப் புரதம் ஆள் மாறி நரம்பைத் தாக்குகிறது. 2025 ஜனவரியில் புனேயில் இந்த நோய் கொத்தாக வந்தபோதும் இந்தக் கிருமி பேசப்பட்டது. மற்றபடி இது அரிய நோய். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும். 1916-ல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு ராணுவ வீரர்களிடம் பார்த்து எழுதியதால் இந்தப் பெயர் வந்தது. ஸ்ட்ரோலின் பெயர் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது.

தாக்குதல் எங்கே விழுகிறது என்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் உறை மட்டும் உரியும். இன்னொன்றில் உள்ளே இருக்கும் ஆக்ஸானே அடிபடும். வெள்ளி உரிந்த ஜரிகைக்கு மறுபடி சுற்றுப் போடலாம், உள் இழை அறுந்தால் என்ன செய்வது? உறை மட்டும் போனால் ஸ்வான் செல்கள் பெருகி, வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் மறுபடி சுற்றிவிடும். புதிய உறை பழையதைவிட மெல்லியதாக, துண்டுகள் குட்டையாக இருக்கும். ஆனாலும் செய்தி போகும். ஆக்ஸான் அறுந்துவிட்டால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து வர வேண்டும். முழங்காலிலிருந்து பாதத்துக்கு 40 சென்டிமீட்டர் என்றாலே ஒரு வருடத்துக்கு மேல்.

இப்போது முடிவுக்கு அடிப்படையான விஷயத்துக்கு வருகிறேன். ஐவிஐஜியும் சரி, பிளாஸ்மா மாற்றமும் சரி, மையலினை ஒட்டவைப்பதில்லை. உரிந்த உறையை மறுபடி சுற்றுவது உடம்பே செய்கிற வேலை. இந்த இரண்டு வைத்தியமும் செய்வது, இன்னும் உரியாமல் இருப்பதைக் காப்பாற்றுவது, தாக்குதலைச் சீக்கிரம் நிறுத்துவது. இது மனத்தில் பதிந்த பிறகு "எது உசத்தி மருந்து" என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். "எது முதலில் அவன் உடம்புக்குள் போகும்" என்று கேட்க ஆரம்பித்தேன்.

இரண்டும் சமம் என்று எப்படித் தெரியும்

பிளாஸ்மா மாற்றம் பயன் தருகிறது என்பதை 1985-ல் வட அமெரிக்காவில் 245 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. 1992-ல் நெதர்லாந்தில் ஏறத்தாழ 150 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐவிஐஜி, மறு பாதிக்குப் பிளாஸ்மா மாற்றம் செய்து பார்த்தார்கள். ஐவிஐஜி எந்த விதத்திலும் குறையவில்லை. 1997-ல் பல நாடுகள் சேர்ந்து ஏறத்தாழ 380 பேரை மூன்று குழுவாக்கின: பிளாஸ்மா மாற்றம் மட்டும், ஐவிஐஜி மட்டும், முதலில் பிளாஸ்மா மாற்றி அதன்பின் ஐவிஐஜி. மூன்றுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே "ஐவிஐஜிதான் லேட்டஸ்ட், அதுதான் பெஸ்ட்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "பிளாஸ்மா மாற்றினால் ரத்தத்தையே சுத்தம் பண்ணிடுவாங்க, அதுதான் வேரோடு போக்கும்" என்பதும் அப்படியே. என் மாமா ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இதை அடித்துச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் அந்த ஒரு பேச்சால் எனக்கு ஒரு மணி நேரம் குழப்பம்.

நடைமுறையில் இரண்டும் எப்படி வேறுபடுகின்றன

ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 2 கிராம். வழக்கமாக நாளுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். என் தம்பி 60 கிலோ. 120 கிராம் வேண்டும். 5 கிராம் பாட்டில் என்றால் 24 பாட்டில். இந்தக் கணக்கை நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் எத்தனை பாட்டில் கையிருப்பு, மீதி எப்போது வரும் என்று கேட்க இது தேவைப்படும். முதல் நாளுக்கு ஐந்து பாட்டில் இருந்தால் தொடங்கிவிடலாம், மொத்தமும் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னது அன்றைக்குப் பெரிய ஆறுதல்.

கையில் சாதாரணமாக டிரிப் போடுகிற ஊசி போதும், தனி இயந்திரம் வேண்டியதில்லை. இதுதான் ஐவிஐஜியின் மிகப் பெரிய வசதி. மெதுவாக ஏற்றுவார்கள். தலைவலி, காய்ச்சல், நடுக்கம் வரலாம். என் தம்பிக்கு இரண்டாம் நாள் தலைவலி கடுமையாக இருந்தது. வேகத்தைக் குறைத்ததும் அடங்கியது. கவலைப்பட வேண்டிய பக்கவிளைவுகளும் உண்டு: சிறுநீரகம் பாதிக்கலாம், ரத்தம் உறையலாம். ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு, சர்க்கரை, இதய நோய், முன்பு கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிய கதை, எதுவாக இருந்தாலும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ஐஜிஏ என்ற புரதம் பிறவியிலேயே இல்லாத சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் அதையும் மருத்துவர்கள் கவனிப்பார்கள்.

பிளாஸ்மா மாற்றத்தைப் புரிந்துகொள்ள டயாலிசிஸ் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளலாம். ரத்தம் வெளியே வருகிறது, சிவப்பணுக்கள் பிரிந்து உள்ளே திரும்புகின்றன, தாக்கும் புரதங்கள் மிதக்கிற பிளாஸ்மா அகற்றப்பட்டு அதற்குப் பதில் ஆல்புமின் கரைசலோ கொடையாளர் பிளாஸ்மாவோ சேர்க்கப்படுகிறது. ஒரு தடவைக்குச் சில மணி நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள், பொதுவாக ஐந்து தடவை. மொத்தம் ஒரு கிலோ எடைக்கு 200 முதல் 250 மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு 12 முதல் 15 லிட்டர். கழுத்திலோ தொடையிடுக்கிலோ பெரிய குழாய் போட வேண்டும். அந்த வழியாகக் கிருமி தொற்றலாம். ரத்த அழுத்தம் சரியலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து கால்சியத்தைக் குறைப்பதால் உதட்டைச் சுற்றிச் சுருசுருவென்று வரலாம். ஜிபிஎஸ் நோயே ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் மேலும் கீழுமாக ஆட்டக்கூடியது. அப்படி ஆடுகிற நோயாளிக்கு இந்த இயந்திரத்தை ஓட்டப் பழகிய கை வேண்டும். இயந்திரம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதை ஓட்டுகிறவர் இன்று ராத்திரி இருக்கிறாரா, கடைசியாக ஜிபிஎஸ் நோயாளிக்கு எப்போது செய்தார்கள் என்றும் கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

நேரக் கணக்கிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிளாஸ்மா மாற்றம் நோய் தொடங்கி நான்கு வாரத்துக்குள் செய்தால் பயன் உண்டு, சீக்கிரம் செய்தால் கூடுதல் பயன். ஐவிஐஜி இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். தாமதமாக வருகிறவர்களுக்கு இது முக்கியம். ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து எண்ணெய் தேய்ப்பு, கட்டு, ஊசி என்று சுற்றிவிட்டு மூன்றாம் வாரம் இறங்கி வருகிறவருக்குப் பிளாஸ்மா மாற்றத்தின் பக்கம் தட்டு சாயும். குழந்தைகளுக்குக் குழாய் போடுவது கஷ்டம் என்பதால் ஐவிஐஜி பக்கம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவருக்கு ஐவிஐஜியில் தயக்கம், இதயமோ ரத்த அழுத்தமோ தள்ளாடுகிறவருக்கு இயந்திரத்தில் தயக்கம்.

இன்னும் எழுந்து நடக்க முடிகிற லேசான நிலையில் இருப்பவருக்கு முழு ஐந்து தடவை தேவைப்படாமலும் போகலாம். பிரான்சில் செய்து 1997-ல் வெளியான ஆய்வில், லேசான நோய்க்கு இரண்டு தடவை பிளாஸ்மா மாற்றமே பயன் தந்தது. நடக்க முடியாதவர்களுக்கு நான்கு தேவைப்பட்டது. ஆறு செய்தவர்களுக்கு நான்கைவிடக் கூடுதல் லாபம் இல்லை. பணம் குறைவாக உள்ள குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம், மருத்துவரிடம் எடுத்துப் பேசலாம்.

பணம்

ஐவிஐஜி விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எடை கூடக்கூடப் பாட்டில் கூடும், பெரியவர்களுக்கு மருந்து மட்டுமே லட்சங்களில் போகும். பிளாஸ்மா மாற்றம் நம் நாட்டில் பல இடங்களில் அதைவிடக் குறைவாக முடிகிறது, ஆல்புமினுக்குப் பதில் கொடையாளர் பிளாஸ்மா பயன்படுத்தினால் இன்னும் குறையும். ஆனால் குழாய், ஐசியு நாட்கள், இயந்திரத்தின் ஒருமுறை உபயோகச் சாமான்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மொத்தம் கேட்க வேண்டும். நாங்கள் முதலில் கேட்டபோது ஒரு தடவைக்கான தொகையை மட்டும் சொன்னார்கள். ஐந்தால் பெருக்கிப் பார்த்தபோதுதான் உண்மைக் கணக்கு தெரிந்தது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், மருத்துவமனையும் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். நோயாளியைப் படுக்கையில் சேர்த்த கையோடு, இன்னொருவர் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு காப்பீட்டு கவுன்டருக்குப் போய், ஜிபிஎஸ் என்று பெயர் சொல்லி, மருந்துக்கா, இயந்திரத்துக்கா, வென்டிலேட்டருக்கா, எதற்கு எவ்வளவு என்று விசாரியுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என் கணவருடையது. நான் படுக்கை பக்கமே இருந்தேன்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐவிஐஜிக்குப் பணம் புரட்ட மூன்று நாள் ஆகும், நகையை விற்க வேண்டும் என்ற நிலையில், பிளாஸ்மா மாற்றம் இன்றே தொடங்கத் தயார் என்றால், யோசிக்காமல் பிளாஸ்மா மாற்றத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள். மலிவானதைச் செய்துவிட்டோமோ என்ற குற்ற உணர்வே வேண்டாம். இரண்டும் சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த மூன்று நாளில் உரிந்து போகிற மையலினுக்கும், அதற்கும் மேல் அறுந்து போகிற ஆக்ஸானுக்கும் விலை போட முடியாது.

பெரிய இயந்திரமே இல்லாத இடங்களுக்காக, பங்களாதேஷில் 20 நோயாளிகளிடம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுத்து, அணுக்கள் கீழே படிந்ததும் மேலே நிற்கும் பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களைத் திருப்பி ஏற்றுகிற எளிய முறையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எட்டு நாளில் 8 லிட்டர். 2018-ல் வெளியான அந்த ஆய்வு, அதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று காட்டியது. மற்ற இரண்டுக்கும் சமமாகப் பலன் தரும் என்று காட்டவில்லை. பணமில்லாத நோயாளிகளை நினைத்து யாரோ இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது கண் கலங்கியது.

சேலத்திலேயே இருப்பதா, வெளியூர் போவதா

மருந்தைப் போலவே எங்களை அலைக்கழித்த கேள்வி இது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கோவை என்றார்கள், ஒருவர் வேலூர், ஒருவர் பெங்களூரு. மூன்றுமே மூன்று நான்கு மணி நேரப் பயணம். பெங்களூரு என்றால் தொப்பூர் கணவாயில் லாரி எதுவும் கவிழாமல் இருக்க வேண்டும்.

ஜிபிஎஸ் நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு ஏறக்குறைய வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. மூச்சுத் தசைக்குப் போகும் நரம்பிலும் மையலின்தானே இருக்கிறது. மூச்சு தளர்வது வெளியே தெரியாமல் வரும். நோயாளி அமைதியாகப் படுத்திருப்பார், ஆக்சிஜன் அளவு கடைசி வரை நன்றாகவே காட்டும். ஒரே மூச்சில் எண்ணுவது அதைக் கண்டுபிடிக்கிற எளிய வழி. 20-க்குக் கீழே வந்தால் மருத்துவர்கள் உஷாராவார்கள். என் தம்பி அன்று மாலை 31, ராத்திரி பத்து மணிக்கு 26. இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டினேன். "இந்த வேகத்துல இறங்குதுன்னா ஆம்புலன்ஸ்ல நாலு மணி நேரம் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை" என்றார். அங்கே ஐசியு இருந்தது, வென்டிலேட்டர் இருந்தது, ஐவிஐஜி முதல் நாளுக்கான பாட்டில்கள் இருந்தன. பிளாஸ்மா மாற்றம் வேறிடத்தில், இரண்டு நாள் கழித்துத்தான் நேரம். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஐவிஐஜிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இதுவே மூச்சு நன்றாக இருந்து, இருக்கிற இடத்தில் ஐசியுவும் இல்லை, மருந்தும் இல்லை என்றால், கிளம்பத்தான் வேண்டும். அதுவும் அன்றைக்கே, மூச்சு தளர்வதற்கு முன்னால். அப்போதும் முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் என்ன தயாராக இருக்கிறது என்று போன் போட்டு விசாரித்துவிட்டு மற்ற ஊர்களைப் பற்றி யோசிப்பது நல்லது. பெயர் பெற்ற மருத்துவமனையைவிட, இன்று ராத்திரி மருந்து தொடங்குகிற மருத்துவமனை மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்றவர்கள் சொன்ன வழிகள்

ஸ்டீராய்டு: தனியாகக் கொடுத்தால் ஜிபிஎஸ்ஸில் பயனில்லை, மாத்திரையாகக் கொடுத்தால் குணமாவது தாமதப்படவும் கூடும். பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர், "எங்க சித்தப்பாவுக்கு இதே மாதிரி வந்து ஸ்டீராய்டுலதான் நடந்தார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எட்டு வாரத்துக்கு மேலும் கூடிக்கொண்டே போகிற சிஐடிபி என்ற இன்னொரு மையலின் நோய் இருக்கிறது, அதில் ஸ்டீராய்டு வேலை செய்யும்.

பி12 ஊசி: பி12 குறைந்தாலும் மையலின் கெடும் என்பது உண்மை. ஆனால் அது மாதக் கணக்கில் மெல்ல வருவது. மூன்று நாளில் கால் விழுந்தால் அதற்கு பி12 போட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பது: முதுகு நீரில் புரதம் கூடுவதும், நரம்பு ஓட்டப் பரிசோதனையில் வேகம் குறைவதும் முதல் வாரத்தில் தெரியாமலே போகலாம். என் தம்பிக்கு முதுகு நீர் சாதாரணமாகத்தான் வந்தது. அனுபவமுள்ள மருத்துவர் சுத்தியையும் கதையையும் வைத்தே தொடங்கிவிடுவார்.

எண்ணெய் தேய்ப்பு: எங்கள் பக்கம் கால் விழுந்தாலே வாதம் என்று வைத்தியரிடம் தூக்கிப்போகிற வழக்கம் இருக்கிறது. தாக்குதல் நடக்கிற வாரங்களில் அது வீணாகும் நேரம். மூச்சு நின்று போகிற ஆபத்து அந்த வாரங்களில்தான்.

இரண்டாவது கோர்ஸ்

இந்த முடிவைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. ஐந்து நாள் முடிந்தது. எழுந்து நடப்பான் என்று வீடே காத்திருந்தது. ஆறாம் நாள் இன்னும் கொஞ்சம் மோசமானான். எண்ணிக்கை 21 வரை இறங்கியது. முகத்தின் இடது பக்கம் தொங்கி, கண் மூடவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாலிக்கொடியைத் தர்றேன், இன்னொரு தடவை அதே மருந்தைப் போடச் சொல்லு" என்று அழுதார்.

உறையைப் பற்றிப் படித்தது அன்றைக்குக் கைகொடுத்தது. தாக்குதல் நின்றாலும், ஏற்கெனவே உரிந்த இடங்களில் ஸ்வான் செல்கள் மறுபடி சுற்ற வாரங்கள் ஆகும். இந்த நோய் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் அடிமட்டத்தைத் தொட்டு, அங்கே சில நாளோ வாரமோ தங்கி, பிறகுதான் ஏறும். ஐந்தாம் நாள் நடக்காததால் மருந்து தோற்றது என்று அர்த்தமில்லை. நிலைமை மோசமாக இருந்த நோயாளிகளுக்கு இரண்டாவது கோர்ஸ் ஐவிஐஜி கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2021-ல் வெளியானது. கூடுதல் பயன் இல்லை, ரத்தம் உறைவது போன்ற கடும் பக்கவிளைவுகள்தான் கூடின. மருத்துவரும் அதையே சொன்னார். ஐவிஐஜி முடிந்த கையோடு பிளாஸ்மா மாற்றலாமா என்றும் கேட்டோம். ஏற்றிய மருந்தையே அது கழுவி வெளியே எடுத்துவிடும் என்றார். ஏற்றிய புரதம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. தேறியவர் இரண்டு வாரம் கழித்து மறுபடி சரிந்தால் அது வேறு கதை, அப்போது மறுபடி கொடுப்பதுண்டு.

அம்மாவிடம் ஜரிகையைச் சொல்லித்தான் விளக்கினேன். "வெள்ளி உரியறது நின்னாச்சும்மா. திரும்பச் சுத்தறதுக்கு நாள் ஆகும்." அம்மா நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உள்ள இருக்கிற பட்டு அறுந்திருக்கா?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் எடுத்த நரம்பு ஓட்டப் பரிசோதனையில் அதற்குப் பதில் கிடைத்தது: கையில் பெரும்பாலும் உறைதான், வலது காலில் சில இழைகள் அறுந்திருந்தன.

அந்த வாரங்களில் மருந்தைவிட நர்ஸுகளே அதிகம் காப்பாற்றினார்கள் என்று சொல்வேன். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தது, மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் டேப்பும், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க ஊசி, பாதம் தொங்காமல் இருக்கப் பலகை. வென்டிலேட்டர் வைக்க வேண்டி வரவில்லை. ஒன்பதாம் நாள் எண்ணிக்கை 24, பதினைந்தாம் நாள் 35. கட்டைவிரல் முதலில் அசைந்தது இருபத்திரண்டாம் நாள்.

ஜிபிஎஸ் வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆறு மாதத்தில் தாமாக நடக்கிறார்கள். என் தம்பி ஐந்தாம் மாதம் வாக்கரை விட்டான். இப்போது பதினான்கு மாதம். தோட்டத்துக்குத் திரும்பிவிட்டான், காபி காயவைக்கிற களத்து வேலைக்கு, அது தட்டையான தரை. மதியத்துக்கு மேல் சோர்ந்துபோகிறான். வலது பாதம் இன்னும் கொஞ்சம் தொங்குவதால் செருப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட்டிருக்கிறான். சரிவில் ஏற முடியுமா என்று போன வாரம் கேட்டதற்கு, மழை முடியட்டும், கோலோடு பத்து அடி ஏறிப் பார்ப்போம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார்.